அறிந்து தெளிதலும் விரும்பித் தொடர்தலும் : பண்டித ரமாபாயின் சமய வாழ்வு

இறைவனை அறிதல் என்பது ஒன்று. அறிந்த இறைவனைப் பின்பற்றி நடத்தல் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஓர் உள்ளத்தில் ஒன்றுகூடும்போதுதான் சமயம் என்னும் சொல் பொருளுடையதாகிறது. பிறர் சொல்லக் கேட்டு ஏற்றுக்கொண்ட அறிவு, புயற்காற்றில் வேரற்ற மரம்போல் வீழ்ந்துவிடும். அச்சத்தினாலோ ஆதாயம் கருதியோ மேற்கொண்ட ஒழுக்கமும் நெடுநாள் நில்லாது. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு இலக்கணம் வகுத்தபோது கற்றலையும் கற்றவாறு நிற்றலையும் பிரிக்காமல் கூறியது, சமயக் கல்விக்கும் பொருந்துவதே ஆகும்.

கிறித்துவ சமய வரலாற்றில் இவ்வுண்மை மீண்டும் மீண்டும் சோதனைக்கு உள்ளாகியுள்ளது. குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில், ஆள்வோரின் சமயமும் கிறித்துவமே என்ற நிலையில், ஓர் இந்தியர் அச்சமயத்தைத் தழுவினால் இரு கேள்விகள் உடனே எழுந்தன. இவர் உண்மையாகவே அறிந்து தெளிந்தாரா? தம் விருப்பத்தினாலேயே தொடர்ந்தாரா? இக்கேள்விகளைப் பிறர் கேட்குமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர் பண்டித ரமாபாய். மராட்டிய நாட்டில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அவ்வம்மையாரின் வாழ்வை, இவ்விரு கேள்விகளின் ஒளியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்டில் தொடங்கிய கல்வி

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, சித்பாவன அந்தணர் குலத்தவர், வடமொழிப் புலவர். பெண்களுக்கும் வடமொழி கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அதன்படித் தம் மனைவி இலட்சுமிபாய்க்குத் தாமே ஆசிரியரானார். சுற்றத்தாரும் பண்டிதர் சிலரும் எதிர்த்தபோது, ஊரை விட்டு விலகிக் காட்டில் குடிசை அமைத்து வாழ்ந்தாரேயன்றிக் கொள்கையைக் கைவிட்டாரில்லை. அத்தாயே ரமாபாய்க்கு முதல் ஆசிரியை. வைகறைப் பொழுதில் தாய் சொல்லச் சொல்ல, சிறுமி ஆயிரக்கணக்கான சுலோகங்களை மனப்பாடம் செய்தாள்.

பின்னர் அக்குடும்பம் வறுமையுற்று, புராணம் படித்துப் பொருள் கூறித் திருத்தலம் தோறும் அலைந்து வாழ்ந்தது. 1870களில் தென்னாட்டை வாட்டிய பஞ்சம் அக்குடும்பத்தைத் திருப்பதி மலைச் சாரலில் பற்றியது. கையிலிருந்த பொருள் யாவும் தீர்ந்தபின், பதினொரு நாள் இலையும் நீரும் காட்டு ஈச்சம்பழமுமே உணவாகக் காட்டில் கிடந்ததை ரமாபாய் பிற்காலத்தில் எழுதியுள்ளார். பிச்சை ஏற்க மனமில்லாத தந்தையார், புனிதத் தீர்த்தத்தில் மூழ்கி உயிர் விடவும் துணிந்தார். மகன் கூலி வேலை செய்தேனும் காப்பாற்றுவதாகக் கூறி அதனைத் தடுத்தார். ஆயினும் தந்தையார் விரைவிலேயே இறந்தார். சில திங்களுக்குள் தாயாரும் தமக்கையாரும் அவரைத் தொடர்ந்தனர்.

நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த துயரமும் இப்பத்தாண்டைச் சேர்ந்ததே. பசி என்பது என்ன, பசித்தவனின் தன்மானம் என்பது என்ன என்பவற்றை ரமாபாய் நூலில் படித்து அறியவில்லை. இச்செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்; கட்டுரையின் இறுதியில் இதற்குத் தேவை உண்டு.

எஞ்சிய தமையனார் ஸ்ரீநிவாசரும் ரமாபாயும் ஆயிரக்கணக்கான மைல் கால்நடையாகவே நாட்டைச் சுற்றினர். நூல்கள் கூறிய நோன்புகளையெல்லாம் நோற்றனர். நீராட வேண்டிய ஆறுகளில் நீராடினர். கூறப்பட்ட பயன் கிட்டவில்லை என்பதை உணர்ந்தபோது, இருவர் உள்ளத்திலும் ஐயம் குடிகொண்டது. ஆனால் ஐயம் தோன்றிய உடனேயே வேறொரு சமயத்தை நாடினார் என்று கருதுவது பிழையாகும். ஐயத்திற்கும் தெளிவிற்கும் இடையே அவருக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

பண்டிதையும் சரசுவதியும்

1878ஆம் ஆண்டு உடன்பிறந்தோர் இருவரும் கல்கத்தா நகரை அடைந்தனர். இருபது வயது நங்கை ஒருத்தி வடமொழியில் தடையின்றிச் சொற்பொழிவாற்றுவதைக் கேட்ட அந்நகரத்துப் புலவர்கள் வியந்து, ‘பண்டிதை’ என்றும் ‘சரசுவதி’ என்றும் பட்டங்கள் அளித்தனர். பிரம்ம சமாசத் தலைவர் கேசவ சந்திர சேனர், பெண்கள் வேதம் ஓதலாகாது என்று தயங்கிய அவருக்கு வேத நூல் ஒன்றையே பரிசாக வழங்கிப் படிக்கத் தூண்டினார். சாத்திரங்களை நேராகப் படிக்கத் தொடங்கியதும், பெண்களைப் பற்றியும் தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றியும் அவற்றுட் பல கூறியவை ரமாபாயின் உள்ளத்தைப் புண்படுத்தின.

1880ஆம் ஆண்டில் தமையனார் மறைந்தார். அவ்வாண்டிலேயே ரமாபாய், பிபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து பதிவுமணம் செய்துகொண்டார். சில்சார் நகரில் வாழ்ந்த அந்நாளில், வீட்டிலிருந்த நூல்களுக்கிடையே வங்காள மொழியிலான லூக்கா நற்செய்தி அவர் கைக்குக் கிடைத்தது. அதனை ஆர்வத்தோடு படித்தார். ஆனால் கணவரோ, மனைவி கிறித்துவராவதை விரும்பவில்லை. 1882ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாந்திபேதி நோய் அவரைக் கொண்டுசென்றது. இருபத்து நான்கு வயதும் நிரம்பாத ரமாபாய், மனோரமா என்னும் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார்.

அவர் புனே நகருக்கு வந்து, ஆரிய மகளிர் சமாசத்தை நிறுவி, ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்னும் மராத்தி நூலை எழுதினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன், பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் தேவை என்று சான்றுரைத்தார். நீதிபதி ரானடே முதலிய சீர்திருத்தச் செம்மல்கள் அவரைப் பாராட்டினர்.

மருத்துவம் பயில விரும்பிய அவர் 1883ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கப்பற் செலவைத் தம் நூல் விற்பனையால் வந்த பணத்தைக் கொண்டே செலுத்தினார். வாண்டேஜ் என்னும் ஊரிலிருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கியபோதும், இந்தியாவிற்குப் பணியாற்றச் செல்லவிருந்த கன்னியர்க்கு மராத்தி கற்பித்தார். பிறர் அளித்த உணவுக்குக் கைம்மாறாகத் தம் கருத்துரிமையை ஈடுவைத்தல் ஆகாது என்னும் உறுதி, இச்சிறு ஏற்பாட்டிலேயே புலனாகிறது.

முதல் தெளிவு

புறப்படுமுன், மதம் மாறும் எண்ணம் தமக்கில்லை என்றே ரமாபாய் கூறியிருந்தார். அவரோடு சென்ற தோழி ஆனந்திபாய் பகத், அயல்நாட்டில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வலிந்து மதம் மாற்றப்படுவோமோ என்னும் அச்சம் அத்தோழியை ஆட்டிப் படைத்தது என்று மாக்ஸ் முல்லர் பிற்காலத்தில் எழுதினார். கிறித்துவத்தின் பெயரைக் கேட்டாலே வற்புறுத்தல் நினைவுக்கு வந்த காலம் அது என்பதற்கு இதனினும் துயரமான சான்று தேவையில்லை.

அந்நிலையில் ரமாபாயின் மனத்தை மாற்றியது எது? இலண்டனை அடுத்த ஃபுல்ஹாமில், வழிதவறிய பெண்களுக்கென நடத்தப்பெற்ற காப்பகம் ஒன்றை அவர் கண்டார். தம் நாட்டில் எவரும் தீண்டவும் அஞ்சும் பெண்களைக் கன்னியர் அன்போடு பேணுவதைக் கண்டு, அதற்குக் காரணம் யாதெனக் கேட்டார். சமாரியப் பெண்ணொருத்தியிடம் கிணற்றங்கரையில் இயேசு பெருமான் உரையாடிய வரலாறு அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வரும் அவ்வரலாறு, இந்த மலையா அந்த நகரமா என்னும் வழிபாட்டிட வழக்கைக் கடந்து, ஆவியோடும் உண்மையோடும் வழிபடுதலைப் பேசுகிறது. வடக்கும் தெற்குமாகத் திருத்தலம் தோறும் நடந்து கால் நொந்த ஒருவருக்கு அச்சொல் எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

அறிவு வழியில் எழுந்த ஐயங்களுக்கு, தாமே காசியில் வளர்ந்த அந்தணராய்ப் பின் கிறித்துவரான நீலகண்ட கோரேயின் எழுத்துக்கள் விடையளித்தன. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் ரமாபாயும் அவர் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

ரமாபாய் பிறந்த அதே 1858ஆம் ஆண்டில், நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் தோன்றிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கம்பனில் தோய்ந்த தம் தமிழை விட்டுவிடாமல் அத்தமிழிலேயே ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடியவர் அவர். சமயம் மாறினும் தம் மொழியும் மரபும் தமக்குரியனவே என்று நின்றதில் இவ்விருவரும் ஒத்த உள்ளத்தினர் எனலாம். கன்னியர் அணியும் சிலுவையில் இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்ட ரமாபாய், தமக்குரியதில் வடமொழிச் சொற்கள் இருத்தல் ஆகாதா என்று வாதாடினார். புலால் உண்ணாமையையும் அவர் கைவிடவில்லை.

கீழ்ப்படிதல் யாருக்கு?

ஞானஸ்நானத்தோடு வினா முடிந்துவிடவில்லை. உண்மையான போராட்டம் அதன் பின்னரே தொடங்கியது. 1884 முதல் செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் ரமாபாய் பயின்றார். செவிப்புலன் குறைந்ததால் மருத்துவக் கல்வி கைகூடவில்லை. அக்கல்லூரித் தலைவி டோரதியா பீல் அம்மையார்க்கும், ஞானத்தாயாகிய சகோதரி ஜெரால்டீனுக்கும் அவர் எழுதிய கடிதங்கள், இந்தியச் சமய வரலாற்றின் அரிய ஆவணங்களாகும். 1977ஆம் ஆண்டு ஏ. பி. ஷா அவற்றைப் பதிப்பிக்க, மராட்டிய மாநில இலக்கிய பண்பாட்டுக் கழகம் வெளியிட்டது.

அக்கடிதங்களில் இரு வழக்குகள் விளங்குகின்றன. முதலாவது, கொள்கை பற்றியது. திரித்துவம் முதலிய கோட்பாடுகளைத் திருச்சபை கூறுகிறது என்பதனாலேயே ஏற்றல் இயலாது. வேத நூலில் காட்டினால் ஏற்பேன் என்பது ரமாபாயின் நிலை. இரண்டாவது, நடைமுறை பற்றியது. ஆண் மாணவர்க்கு அவர் பாடம் கற்பித்தல் கூடாது என்று இந்தியாவிலிருந்த ஆயர்கள் கருத்துத் தெரிவித்தனர். தம் நாட்டில் ஆடவர் நிறைந்த பேரவைகளில் முழங்கிய அவர் இதனை ஏற்க மறுத்தார். இந்தியப் புரோகிதரின் நுகத்தடியிலிருந்து பெருமுயற்சியால் விடுபட்ட தாம், அதுபோன்ற வேறொரு நுகத்தடிக்குக் கழுத்தை நீட்டுவதற்கில்லை என்னும் கருத்துப்பட 1885ஆம் ஆண்டு எழுதினார்.

சகோதரி ஜெரால்டீன் இதனைச் செருக்கு என்று கருதினார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. திருச்சபை என்பது பல நூற்றாண்டுகளின் அனுபவக் களஞ்சியம். நேற்று வந்த ஒருவர் அனைத்தையும் தம் அறிவைக் கொண்டே அளத்தல் பணிவாகுமா என்பது அவர் வினா. ஆனால் ரமாபாய் கீழ்ப்படிதலை மறுத்தாரில்லை. கீழ்ப்படிதல் யாருக்கு உரியது என்பதையே தெளிவுபடுத்தினார். மனச்சான்று இறைவன் அளித்தது. அதனைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு இறைவனைப் பின்பற்றுதல் எங்ஙனம் கூடும் என்பதே அவர் வாதம். இத்துணைக் கருத்து வேறுபாட்டிற்குப் பின்னும் இருவர்க்கும் இடையே அன்பு அற்றுப்போகவில்லை. கடிதத் தொடர்பும் நீடித்தது. இது இருவர்க்கும் பெருமை தருவதாகும்.

இரண்டாம் தெளிவு

1886ஆம் ஆண்டு ரமாபாய் அமெரிக்கா சென்றார். அங்கு எழுதிய நூலின் வாயிலாக உயர்சாதி இந்துப் பெண்களின், குறிப்பாக இளங்கைம்பெண்களின் துயரத்தை உலகறியச் செய்தார். 1887இல் பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கம் பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி புரிய முன்வந்தது. பள்ளி சமயச் சார்பற்றதாய் இருத்தல் வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படி 1889 மார்ச்சு 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதன் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு புனேவுக்கு மாற்றப்பட்டது. முதல் மாணவியாய்ச் சேர்ந்த கோதுபாய் என்னும் கைம்பெண்ணைத்தான், பிற்காலத்தில் பெருந்தொண்டர் தோண்டோ கேசவ் கார்வே மணந்தார். பெண்கள் தத்தம் சாதி ஆசாரங்களையும் வழிபாட்டையும் கடைப்பிடிக்க அங்குத் தடையில்லை.

இக்காலத்தில்தான், 1891ஆம் ஆண்டளவில், அவர் வாழ்வில் இரண்டாம் திருப்பம் நேர்ந்தது. வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலக் குருவானவரின் தன்வரலாற்று நூல் அவர் கைக்கு வந்தது. பல ஆண்டுகள் மறையுரை நிகழ்த்தியும் அகத்தே அமைதியின்றி இருந்த அக்குருவானவர், தாம் ஆற்றிய மறையுரையினாலேயே உள்ளம் திரும்பியவர். அதனைப் படித்த ரமாபாய் தம்மையே ஆராய்ந்தார். கிறித்துவின் சமயத்தைத் தாம் கண்டதுண்டு. அச்சமயத்தின் உயிராகிய கிறித்துவைக் கண்டதில்லை என்னும் முடிவுக்கு வந்தார். ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டுகள் கழிந்தபின், உலகம் போற்றும் பணியில் இருந்துகொண்டே, தாம் இன்னும் அறியவேண்டியதை அறியவில்லை என ஒப்புக்கொள்ளுதல் எளிதன்று. ஒரு கோட்பாட்டின் மேன்மையை ஒப்புதல் வேறு, ஒருவரைத் தம் உள்ளத்திற்கு உரியவராக அறிதல் வேறு என்னும் வேறுபாட்டை அவர் இங்ஙனம் கண்டார். இக்கருத்தைப் பிற்காலத்தில் தாம் எழுதிய சமய அனுபவச் சான்றில் விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

திறந்திருந்த கதவு

உள்ளத்தில் நிறைந்தது ஒழுகாமல் இருப்பதில்லை. ரமாபாய் தம் அறையில் மகளோடு வேண்டுதல் செய்யும்போது கதவைத் திறந்தே வைத்திருந்தார். மாணவியர் சிலர் தாமே வந்து அமர்ந்தனர். இச்செய்தி புனே நகரில் பெரும் புயலைக் கிளப்பியது. திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. ரானடே, பண்டார்கர் முதலிய ஆலோசகர்கள் 1893இல் பொறுப்பினின்று விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட மாணவியரைப் பெற்றோரும் காப்பாளரும் அழைத்துச் சென்றனர்.

இவ்வழக்கை நடுநிலையோடு ஆராய்தல் நம் கடன். ரமாபாய் எவரையும் அழைக்கவில்லை, வற்புறுத்தவில்லை. ஆயினும் வருபவரைத் தடுக்கவும் தமக்கு மனமில்லை என்றார். தம் அறைக் கதவை அடைத்துத் தம் சமயத்தை மறைத்தல் பொய்ம்மையாகும் என்பது அவர் கருத்து. எதிர்த்தோரின் கருத்தையும் நாம் புறக்கணிக்க இயலாது. இளம்பெண்களுக்குத் தாயும் ஆசானும் புகலிடமுமாக இருக்கும் ஒருவரின் திறந்த கதவு, தன்னளவிலேயே ஓர் அழைப்பாகிவிடும் அன்றோ? சமயச் சார்பின்மையை நம்பித் தம் பெண்களை அனுப்பிய பெற்றோர், ஏமாற்றம் அடைந்ததில் வியப்பில்லை. செல்ட்டன்ஹாமில் தம் மனச்சான்றுக்காக வாதாடிய பெண்மணி, இப்போது பிறர் மனச்சான்றைக் காக்கும் பொறுப்பில் இருந்தார். அதிகாரம் மேலிருந்து அழுத்தும்போது அதனை உணர்தல் எளிது. நம் அன்பே பிறருக்கு அதிகாரமாகக்கூடும் என்பதை உணர்தல் அரிது.

முக்தியும் அதன் வினாவும்

1896-97ஆம் ஆண்டுகளில் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியபோது, திருப்பதிச் சாரலின் நினைவு ரமாபாயை உறங்கவிடவில்லை. தாமே நேரில் சென்று, ஆதரவற்றுக் கிடந்த சிறுமியரையும் இளம்பெண்களையும் ஏறத்தாழ முந்நூறு பேர் அழைத்து வந்தார். புனேவுக்குக் கிழக்கே கேட்காவ் என்னும் சிற்றூரில் வாங்கியிருந்த நிலத்தில் ‘முக்தி’ இல்லம் எழுந்தது. 1900ஆம் ஆண்டு குஜராத்தில் பஞ்சம் நேர்ந்தபோது மேலும் பலர் வந்துசேர, தொகை இரண்டாயிரத்தை நெருங்கியது. கிணறுகள் வெட்டப்பட்டன, நெசவு, அச்சுவேலை, எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோர்க்கு மனோரமா பிரெயில் எழுத்து பயிற்றினார். பாஸ்டன் சங்கத்தின் பத்தாண்டு ஒப்பந்தம் 1898இல் முடிந்தபின், முக்தி வெளிப்படையான கிறித்துவ இல்லமாகவே விளங்கியது.

இங்கேதான் நம் கட்டுரையின் கடினமான வினா எழுகிறது. பசியால் மாளும் தறுவாயில் மீட்கப்பட்ட சிறுமி, தன்னைக் காத்தவரின் இறைவனை ஏற்றுக்கொண்டால், அதனை விரும்பித் தொடர்தல் எனலாமா? சாரதா சதனத்து மாணவிக்குத் திரும்பிச் செல்ல வீடு இருந்தது. முக்தியின் சிறுமிக்கு அதுவும் இல்லை. அவளை உயிர்பிழைக்க வைத்த அறத்தின் பெருமையை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் அவள் தேர்வு, ரமாபாயின் தேர்வைப்போல் நெடுநாள் ஐயமும் வாதமும் கடந்து வந்த தேர்வாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

ரமாபாய் இதற்குத் தம் வழியில் ஒரு விடை கண்டார் என்று நாம் கருதுகிறோம். அவ்விடை அவருடைய மராத்தி விவிலியமே. ஏற்கெனவே இருந்த மொழிபெயர்ப்பின் நடை எளிய பெண்களுக்கு விளங்கவில்லை என்று கண்ட அவர், முதிய வயதில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, மூலத்திலிருந்தே எளிய மராத்தியில் முழுவிவிலியத்தையும் மொழிபெயர்க்கலானார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அப்பணியில், எழுத்துக் கோத்தலும் அச்சிடுதலும் முக்திப் பெண்களின் கைகளாலேயே நிகழ்ந்தன. சோறு கொடுத்தவர் சொன்னார் என்பதற்காக நம்பவேண்டாம், நீயே படித்துத் தெளிக என்று நூலைக் கையில் கொடுப்பதைவிட மேலான முறை வேறில்லை. கேசவ சந்திர சேனர் வேத நூலை ரமாபாயின் கையில் வைத்த நாளையும் நாம் இதனோடு ஒப்புநோக்கலாம். நூல் கைக்கு வந்தபின் அதை ஏற்பதும் மறுப்பதும் படிப்பவர் உரிமையாகிவிடுகின்றன.

மகள் மனோரமா 1921ஆம் ஆண்டு மறைந்தார். மொழிபெயர்ப்பின் இறுதிப் பணியை முடித்த நிலையில், 1922 ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் இறைவனடி சேர்ந்தார். முழுவிவிலியம் 1924இல் வெளிவந்தது. இந்திய அரசு 1989ஆம் ஆண்டு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் பணியாற்றி வருகிறது.

தொகுப்புரை

ரமாபாயின் வாழ்வில் அறிதல் என்பது ஒருநாள் நிகழ்ச்சியன்று. மரபாக வந்ததை ஆராய்ந்தார். புதிதாகக் கண்டதை ஏற்றார். ஏற்றதையும் எட்டாண்டுகளுக்குப்பின் மீண்டும் ஆராய்ந்தார். தொடர்தல் என்பதும் அடிமைப்படுதலன்று. பண்டிதர்க்கும் பணியாமல், ஆயர்க்கும் பணியாமல், எந்தப் பிரிவின் பெயரையும் பூணாமல், கிறித்தவர் என்னும் பெயரே தமக்குப் போதும் என்று வாழ்ந்தார்.

அவர் செயல்களுள் சிலவற்றை இன்று நாம் வினாவுக்கு உட்படுத்தலாம், உட்படுத்தவும் வேண்டும். ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு அவ்வாறு செய்கிறோமோ, அந்த அளவுகோல் அவரே நமக்கு அளித்தது. உள்ளத்தின் ஒப்புதலின்றி இறைவனை அறிதலும் இல்லை, பின்பற்றுதலும் இல்லை என்பதே அது. சமயங்கள் பல வாழும் இந்நாட்டில், தம் சமயத்தின் மேன்மையைப் பிறர்க்கு உரைக்க விழைவோர்க்கும், பிறர் சமயம் மாறுவதைத் தடுக்க விழைவோர்க்கும் இவ்வளவுகோல் ஒருசேரப் பொருந்தும்.